இலைக்குள் ஓர் உறி

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதுவீடு புகுந்தபோது ஹாலில் வைக்க ஃபைகஸ் ஸ்டார்லைட் ஒன்று வாங்கியிருக்கிறார். ஓரம் வெள்ளையும் நடுவில் பச்சையுமாக இலைகள், இடுப்பளவு உயரம். டிவிக்குப் பக்கத்தில், ஏ.சி. காற்று மேலே படும் இடத்தில் வைத்திருக்கிறார். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்றே வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. "என்ன உரம் போடட்டும்?" என்று கேட்கிறார்.

உரம் வேண்டாம் அம்மா. உங்கள் செடி வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாற்றல் உத்தரவு வந்ததும், போகிற ஊர் குவார்ட்டர்ஸ் எவ்வளவு பெரியது என்று அம்மா விசாரிப்பார். சின்ன வீடு என்றால் பாதிச் சாமானைக் கழித்த பிறகுதான் லாரியில் ஏற்றுவார். செடியால் முன்கூட்டி விசாரிக்க முடியாது. வந்து சேர்ந்த பிறகு, இருக்கிற வெளிச்சத்துக்கு இத்தனை இலையைக் கட்டிக் காப்பாற்ற முடியாது என்று கண்டுகொண்டு கழிக்கிறது.

தமிழ்நாட்டு நர்சரிகளில் நாம் பார்க்கும் அழகுச் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. கோதாவரிக் கரை வெயிலில் வளர்ந்த செடியின் இலை சிறிதாக, தடிப்பாக இருக்கும். அந்த இலை பிறந்தது வெயிலுக்காக. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மூச்சுவிடச் செலவாகும் சத்தைக்கூட அதனால் சம்பாதிக்க முடியாது. ஏற்கெனவே விரிந்துவிட்ட இலை தன்னைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. எனவே செடி அதை உதிர்த்துவிட்டு, நிழலுக்கு ஏற்ற அகலமான, மெல்லிய இலைகளைப் புதிதாக விடுகிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரப் பொறுமை இல்லாமல்தான் பலர் தொட்டியை ஹாலிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து படுக்கையறைக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஒவ்வொரு இடமும் செடிக்கு இன்னொரு மாற்றல் உத்தரவு.

வெளிச்சத்தை அளப்பதில் நம் கண்ணை நம்பக் கூடாது. உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். மரநிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நமக்குத் தாராளமாகப் படிக்க முடிகிற ஹாலின் நடுப்பகுதியிலோ சில நூறு லக்ஸ்தான். கண்மணி விரிந்து சுருங்கி அந்த வித்தியாசத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. இலைக்கு அப்படி ஒரு சமாளிப்பு இல்லை.

ஆனால் ஃபைகஸ் இலைக்கு வேறொரு ஏற்பாடு இருக்கிறது. ஆல், கல்லிச்சி, ரப்பர் செடி எல்லாம் சேர்ந்த இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்பு. உருளைக்கிழங்கைப் பிளந்து நடுவில் ரப்பர் செடி இலையைச் செருகி, சவர பிளேடால் மெல்லிய சீவலாகச் சீவச் சொன்னார்கள். இருபது சீவலில் ஒன்று தேறியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இலையின் மேல்தோலில் மற்ற செல்களைவிடப் பல மடங்கு பருத்த ஒரு செல். அதன் கூரையிலிருந்து ஒரு காம்பு கீழே இறங்கி, நுனியில் கரடுமுரடான ஒரு கட்டியைத் தாங்கியிருந்தது. புத்தகம் அதைத் திராட்சைக் கொத்து என்றது. எனக்குப் பாட்டி வீட்டு அடுக்களையில் உத்தரத்தில் தொங்கிய தயிர்ப்பானை உறிதான் ஞாபகம் வந்தது. பெயர் சிஸ்டோலித். கால்சியம் கார்பனேட், அதாவது முட்டை ஓடும் நத்தை ஓடும் எதனால் ஆனவையோ அதே பொருள். ஆசிரியர் ஒரு சொட்டு அமிலம் விட்டார். குமிழிகள் கிளம்பின, கட்டி கரைந்தது, உறிக்கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

இலைக்குள் எதற்குச் சுண்ணாம்புக் கல்? அன்றைக்குக் கிடைத்த பதில், வேண்டாத கால்சியத்தைச் செடி ஒதுக்கிவைக்கும் இடம் என்பது. பல வருடங்கள் கழித்து, 2012இல், இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் நம் கல்லிச்சியின் இலையை ஆராய்ந்து வேறொன்றையும் சொன்னார்கள். இலையின் மேலடுக்கில் வெளிச்சம் மிஞ்சிப்போகிறது. அங்குள்ள பச்சையம் அதை விழுங்கிவிடுவதால் உள்ளடுக்குகளுக்குப் போதுமான அளவு எட்டுவதில்லை. பச்சையம் இல்லாத இந்தக் கல் தன்மேல் படும் ஒளியை உள்ளே கடத்தி, பக்கவாட்டில் சிதறடிக்கிறது. பாட்டி வீட்டு அடுக்களையில் ஜன்னல் கிடையாது. கூரையில் நாட்டு ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். பாட்டி அரிசியில் கல் பொறுக்கியது அந்த வெளிச்சத்தில்தான். கல்லிச்சி தன் இலை முழுக்க அப்படிக் கண்ணாடி ஓடுகளைப் பதித்து வைத்திருக்கிறது.

ஒளியை இவ்வளவு பக்குவமாகப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு செடியை ஜன்னலே இல்லாத வரவேற்பறை மூலையில் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் வாடகைக்குச் செடி வைக்கிறார்கள். இலை கொட்டியதும் வண்டியில் ஏற்றிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது வளர்ப்பதே அல்ல. இன்னொரு கொடுமை, இலை மினுங்கத் தேங்காய் எண்ணெயும் கடையில் விற்கும் மினுமினுப்புத் தெளிப்பானும் பூசுவது. எண்ணெயில் தூசி ஒட்டும், ஒட்டிய தூசி வெளிச்சத்தை மறைக்கும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆகவே செடி வாங்கப் போகுமுன் உங்கள் ஜன்னலைப் பாருங்கள். கிழக்கு ஜன்னல் அமைந்தால் ஏறக்குறைய எந்த ஃபைகஸும் வரும். வெளிச்சம் சுமார்தான் என்றால் கரும்பச்சை ரப்பர் செடி நல்லது, இருப்பவற்றில் அதுவே அதிகம் தாங்கும். மேகாலயாவில் காசி மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே உயிருள்ள வேர்ப்பாலங்களை வளர்ப்பது இதே மரத்தின் வேர்களைக் கொண்டுதான். மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளிலிருந்து வந்த ஃபிடில் லீஃபுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஸ்டார்லைட் போல வெள்ளை கலந்த ரகங்களுக்கு அதைவிடவும் கவனம் தேவை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் மிச்சமுள்ள பச்சை இரட்டிப்பு வேலை செய்தாக வேண்டும். ஜின்செங் என்று விற்கும் பருத்த வேர் போன்சாய் நம் கல்லிச்சியேதான், மூலிகை ஜின்செங்குக்கும் அதற்கும் உறவில்லை. அதன் இடம் பால்கனி.

நர்சரியில் ஆளுயரச் செடிக்கு ஆசைப்பட வேண்டாம். சின்னச் செடி சீக்கிரம் பழகும். நிழல்வலைக்குள் சில வாரமாவது இருந்ததா என்று கேளுங்கள். இலையைத் திருப்பிப் பார்த்து, நரம்போரத்தில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அன்புதான் ஆபத்து. ஆலும் இச்சியும் காட்டில் பெரும்பாலும் பறவை எச்சத்திலிருந்து வேறொரு மரத்தின் கிளை இடுக்கில் முளைப்பவை. மழை பெய்தால் நனையும், வெயிலில் காயும், வேர் எப்போதும் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படிப் பழகிய வேரை நாள் முழுக்கச் சேற்றில் வைத்தால் அழுகாமல் என்ன செய்யும்? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கிளையை வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கூரையை முட்டும் ரப்பர் செடியைத் தெருவில் தூக்கிப்போட வேண்டாம், விண்பதியம் போட்டால் மேல்பாதி தனிச் செடியாகிவிடும். வீட்டுச் சுவரோரம் தரையில் மட்டும் நட்டுவிடாதீர்கள். வேர் அஸ்திவாரத்தைத் தேடிப் போகும், பிறகு பழி மரத்தின் மேல் விழும்.

திருப்பூர் அம்மாவுக்கு: தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தொட்டியை ஏ.சி. காற்றிலிருந்து விலக்கி, கடிதத்தில் நீங்கள் சொன்ன கிழக்கு ஜன்னலடியில் இன்றைக்கே வையுங்கள். மேல்மண் காயும்வரை தண்ணீர் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு அந்த இடத்தைவிட்டு அதை நகர்த்தாதீர்கள். துளிர் வந்ததும் எழுதுங்கள், உரத்தைப் பற்றி அப்போது சொல்கிறேன்.