வீணையில் தொடுகை ஒலிவாங்கி

வீணையில் தொடுகை ஒலிவாங்கி பொருத்துதல் என்பது, வீணையின் உடலில் ஏற்படும் அதிர்வை நேரடியாக மின்குறிகையாக மாற்றும் ஒரு சிறு கருவியை அதன்மீது பொருத்தி, அவ்வொலியைப் பெருக்கி அரங்கில் கேட்கச் செய்யும் முறையாகும். இக்கருவி இசைக்கலைஞர்களிடையே காண்டாக்ட் மைக் என்ற பெயரிலேயே பெரிதும் அறியப்படுகிறது. கிதாரில் பயன்படும் பிக்கப் என்னும் ஒலியெடுப்பானும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் வீணையின் அமைப்பு கிதாரின் அமைப்பிலிருந்து வேறுபடுவதால், கிதாருக்கு உரிய முறைகளை அப்படியே வீணைக்குப் பயன்படுத்த இயலாது.

தேவை

வீணை இயல்பாகவே மென்மையான ஒலியுடைய கருவியாகும். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தமது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்து வந்தார். ஒலிபெருக்கி இன்றி, சிறு கூட்டத்தின் முன் நிகழ்ந்த அக்கச்சேரிகளில் கேட்போர் முழு அமைதி காப்பது வழக்கம். வீணையின் நுண்ணிய கமகங்கள் கேட்பதற்கு அத்தகைய சூழலே ஏற்றதாக இருந்தது.

பின்னர் கச்சேரிகள் பெரிய அரங்குகளுக்கு மாறின. சென்னை மியூசிக் அகாதமியின் 1962இல் திறக்கப்பட்ட அரங்கில் ஏறத்தாழ 1,600 பேர் அமரலாம். இத்தகைய அரங்கில், மிருதங்கம், கடம் ஆகியவற்றின் நடுவே, வீணையின் ஒலி கடைசி வரிசையை இயல்பாகச் சென்றடைவது கடினம். நின்ற நிலை ஒலிவாங்கியை வீணைக்கு அருகில் வைத்தால் அது பக்கத்தில் உள்ள மிருதங்கத்தின் ஒலியையும் சேர்த்தே வாங்கும். ஒலியளவை மேலும் உயர்த்தினால் ஊளையொலி எழும். இவ்விரு சிக்கல்களையும் குறைக்கவே தொடுகை ஒலிவாங்கி பயன்படுகிறது.

வரலாறு

தந்திக் கருவிகளுக்கான ஒலியெடுப்பான்கள் முதலில் கிதாருக்காகவே பரவலாக உருவாக்கப்பட்டன. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பூசாம்ப் உருவாக்கிய மின் கிதாரில் காந்த ஒலியெடுப்பான் இடம்பெற்றது. 1954இல் கிப்சன் நிறுவனம் காந்த ஒலியெடுப்பான் பொருத்திய ஜே-160ஈ என்னும் ஒலிசார் கிதாரை வெளியிட்டது. 1960களில் பார்க்கசு-பெரி நிறுவனம் அழுத்தமின் வகை ஒலியெடுப்பான்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இவற்றின் அடிப்படையான அழுத்தமின் விளைவு, 1880இல் பிரான்சில் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்களால் கண்டறியப்பட்டதாகும்.

கருநாடக இசையில் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மேண்டலினைக் கையாண்டு அக்கருவிக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத் தந்தார். அவரது கருவியில் ஒலியெடுப்பான் கருவியின் ஓர் உறுப்பாகவே இருந்தது. வீணையிலோ அது மரபான கருவி ஒன்றின் மேல் பின்னர் சேர்க்கப்படுவதாகும். இதுவே வீணையில் எழும் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

வீணைக்கும் கிதாருக்கும் உள்ள வேறுபாடுகள்

கிதாரின் மேற்பலகையில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஒலித்துளை உண்டு. அதன் வழியாக ஒலியெடுப்பானை உள்ளே ஒட்டலாம், பழுது பார்க்கலாம், நீக்கவும் செய்யலாம். வீணையின் குடத்தில் சிறு துளைகளே உள்ளன. எனவே உள்ளே பொருத்த வேண்டுமெனில் மரத்தைத் துளைக்க வேண்டும். ஒரே பலா மரத் துண்டில் குடைந்து செய்யப்படும் ஏகாண்ட வீணையில் இவ்வாறு துளையிட்டால், அப்பகுதியைக் கழற்றி மாற்ற வழியில்லை.

கிதாரின் குதிரையில் ஒரு காடி வெட்டப்பட்டு, அதில் தந்திகளைத் தாங்கும் மெல்லிய பட்டை செருகப்பட்டிருக்கும். அழுத்தமின் பட்டையை அக்காடியின் அடியில் மறைத்து வைக்கலாம். வீணையின் குதிரையில் காடி இல்லை; அதன் மேல் அகன்ற, மெல்ல வளைந்த உலோகத் தகடு உள்ளது. தந்தி இத்தகட்டைத் தழுவி விலகுவதாலேயே வீணைக்கு உரிய செறிந்த மேற்சுரங்கள் தோன்றுகின்றன. சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வில், வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பால், மீட்டும் இடத்தில் கணு அமைவதால் எழக்கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே ஒலிவாங்கியை நுழைப்பதற்காக இத்தகட்டை உயர்த்துவதோ, அதன் அடியில் எதையேனும் செருகுவதோ வீணையின் நாதத்தையே மாற்றிவிடக்கூடும்.

வகைகள்

காந்த ஒலியெடுப்பான்: இது தந்தியின் அசைவால் காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை மின்குறிகையாக்குகிறது. எஃகுத் தந்திகளுக்கே இது பொருந்தும். சாரணி, பஞ்சமம் ஆகியன எஃகாலும், மந்தரம், அனுமந்தரம் ஆகியன பித்தளையாலும் அமைந்த வீணையில் பின்னிரண்டின் ஒலி மிக நலிந்து கிடைக்கும். மேலும் கமகத்திற்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, ஒலியெடுப்பானின் அமைப்பைப் பொறுத்து, தந்தி காந்த முனையிலிருந்து விலகி ஒலியளவு மாறக்கூடும்.

அழுத்தமின் வட்டு: இது மெல்லிய பித்தளைத் தகட்டின் மேல் பீங்கான் படலம் பூசப்பட்ட, ஒரு நாணயம் அளவான வட்டாகும். மரத்தின் அதிர்வை உணர்வதால் தந்தி எந்த உலோகத்தால் ஆனது என்பது இதற்குப் பொருட்டன்று. துளையிடாமல் வெளியே ஒட்டலாம் என்பதால் வீணைக்கு இதுவே பெரிதும் ஏற்றது.

சிறு ஒலிவாங்கி: கவ்வியின் மூலம் குடத்தின் அருகே நிறுத்தப்படும் இது, காற்றின் வழி வரும் ஒலியை வாங்குகிறது. இயல்பான நாதம் கிடைக்கும். ஆனால் ஊளையொலி எளிதில் எழும்.

பொருத்தும் முறை

1. வட்டை முதலில் நிலையாக ஒட்டக்கூடாது. மரப்பூச்சைச் சிதைக்காத, எளிதில் நீக்கக்கூடிய ஒட்டுப்பசையைச் சிறிதளவே பயன்படுத்த வேண்டும். பசை தடித்திருந்தால் உயர் சுரங்கள் மங்கும்.

2. குடத்தின் மேற்பலகையில் நான்கைந்து இடங்களில் வைத்துச் சோதிக்க வேண்டும். குதிரையை ஒட்டி வைத்தால் ஒலி தெளிவாக இருக்கும். ஆனால் நகம் தந்தியில் படும் ஒலியும் மிகும். விலக்கி வைத்தால் ஒலி மென்மையாகும். மிக விலகினால் குடத்தின் முழக்கம் மேலோங்கும். தாளத் தந்திகளைத் தாங்கும் பக்க வளைவுக்கு அருகில் வைத்தால் தாளத் தந்திகளின் ஒலி பிறவற்றை விட உரக்கக் கேட்கும்.

3. சோதனையின்போது வாசிப்பவர் அன்றி வேறொருவர் தொலைவில் அமர்ந்து கேட்டுச் சொல்வது நல்லது. வாசிப்பவருக்கு வீணையின் நேரடி ஒலியும் சேர்ந்து கேட்பதால் வேறுபாடு தெளிவாகப் புலப்படாது.

4. வட்டிலிருந்து செல்லும் கம்பி காப்புறை உடையதாக இருக்க வேண்டும். கம்பியைக் குடத்தின் பக்கவாட்டில் ஒருமுறை பிணைத்து வைத்தால், எவரேனும் கம்பியில் இடறினாலும் வட்டு பிய்ந்து வராது.

5. பற்றவைப்பு வேலைகளை வீணையிலிருந்து தள்ளி வைத்தே செய்ய வேண்டும். வீணையின் மெட்டுகள் மெழுகின் மீது பதிக்கப்பட்டவை; வெப்பத்தால் மெழுகு இளகினால் மெட்டுகள் நிலை பெயர்ந்து சுரத்தானங்கள் பிறழும்.

முன்மிகைப்பியின் தேவை

வட்டை ஒலிக்கலவைப் பெட்டியில் நேரடியாக இணைப்பதே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம். அழுத்தமின் வட்டு ஒரு மின்தேக்கியைப் போல் செயல்படுகிறது. அதன் மின்தேக்கம் 20 நானோபாரட் எனவும், இணைக்கப்படும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு 10 கிலோ ஓம் எனவும் கொண்டால், ஏறத்தாழ 800 ஹேர்ட்சுக்குக் கீழ் உள்ள ஒலிகள் படிப்படியாக நலியும்.

சாரணி 165 ஹேர்ட்சுக்குச் சுருதி சேர்க்கப்பட்டிருப்பின், பஞ்சமம் சுமார் 124, மந்தரம் சுமார் 82, அனுமந்தரம் சுமார் 62 ஹேர்ட்சில் அமையும். அதாவது நான்கு வாசிப்புத் தந்திகளின் அடிப்படைச் சுரங்களும் நலியும் பகுதியிலேயே உள்ளன. அனுமந்தரத்தின் அடிப்படைச் சுரம் சுமார் 13இல் ஒரு பங்காகக் குறையும். எஞ்சுவது மெலிந்த, கூரிய ஒலியே. தொடுகை ஒலிவாங்கியின் ஒலி தகரம் போன்றது என்ற குறைக்கு, பல வேளைகளில் வட்டு அன்று, இந்த இணைப்பே காரணமாகும்.

1 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்புடைய முன்மிகைப்பியை இடையே இணைத்தால் அவ்வெல்லை சுமார் 8 ஹேர்ட்சுக்கு இறங்கிவிடும். வீணையின் முழு வீச்சும் கிடைக்கும். முன்மிகைப்பி 9 வோல்ட்டு மின்கலத்தில் இயங்குமாயின், கச்சேரிக்கு முன் மின்கலத்தைச் சோதிப்பது இன்றியமையாதது.

பொதுவான சிக்கல்கள்

* இரைச்சல்: இந்தியாவில் மின்வழங்கல் 50 ஹேர்ட்சு ஆகும். காப்புறையோ நில இணைப்போ குறைபட்டால் 50, 100, 150 ஹேர்ட்சுகளில் முரலொலி கேட்கும். இவை வீணையின் கீழ்த்தந்திகளின் சுரங்களுக்கு அருகில் இருப்பதால், வடிகட்டியால் நீக்க முற்பட்டால் வீணையின் ஒலியும் குறையும். கம்பியையும் இணைப்பையும் சரிசெய்வதே தக்க வழி.
* ஊளையொலி: ஒலிபெருக்கியின் ஒலி குடத்தை மீண்டும் அதிரச் செய்வதால் இது எழுகிறது. மேடை ஒலிபெருக்கியின் திசையை மாற்றுவதும், ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் குறைப்பதும் பயன் தரும்.
* உரசல் ஒலி: புடவை, அங்கவத்திரம், கை ஆகியன குடத்தில் உரசுவதும் பெருக்கப்பட்டுக் கேட்கும்.

விமர்சனங்கள்

தொடுகை ஒலிவாங்கி வீணையின் இயல்பான நாதத்தைக் கெடுக்கிறது என்பது இசை ஆர்வலர்களிடையே நெடுநாளாக நிலவும் கருத்தாகும். இதற்கு இயற்பியல் அடிப்படையும் உண்டு. செவி கேட்பது குடம், மேற்பலகை, தண்டி, சுரைக்காய் ஆகிய அனைத்தும் சேர்ந்து காற்றில் எழுப்பும் ஒலியை. வட்டு உணர்வதோ மேற்பலகையின் ஒரு புள்ளியில் உள்ள அதிர்வை மட்டுமே. எவ்வளவு நல்ல முன்மிகைப்பியைப் பயன்படுத்தினாலும் இவ்வேறுபாடு முற்றிலும் நீங்காது.

மறுபுறம், மீட்டிய பின் மெல்லத் தேயும் ஒலியும் பெருக்கத்தால் நெடுநேரம் கேட்கிறது. ஒரே மீட்டில் நீண்ட கமகங்களைக் கேட்கச் செய்யவும், வலிந்து மீட்டாமல் இயல்பாக வாசிக்கவும் இது உதவுகிறது. வட்டின் ஒலியைத் தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்தி, அதனுடன் சிறு ஒலிவாங்கியின் ஒலியைக் கலந்து வழங்குவது இரு தரப்புக் கருத்துகளுக்கும் இடைப்பட்ட வழியாகும். சிறிய அரங்குகளிலும் இல்லக் கச்சேரிகளிலும் எவ்வகைப் பெருக்கமும் இன்றி வாசிப்பதே வீணையின் நாதத்தை முழுமையாகக் கேட்பதற்கு உரிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* வீணை
* கிதார்
* கருநாடக இசை
* அழுத்தமின் விளைவு
* ஒலிவாங்கி