விலை கூறப்படாத பொருள்

சந்தையில் விலை கூறப்படாத பொருளுக்கு மதிப்பு உண்டோ? மீனுக்கு விலை உண்டு. மரத்துக்கும் விலை உண்டு. மீன் வாழும் தெளிந்த கடலுக்கோ எவரும் விலை கூறுவதில்லை. ஆதலின், கடல் மாசுற்றால் அந்நட்டம் கணக்கேட்டிற் பூச்சியமாகவே நின்றுவிடுகிறது. அப்பூச்சியத்தை நீக்க முயல்வது சுற்றாடற் பொருளியலாளரின் முக்கிய பணிகளுள் ஒன்றாகும்.

1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி, அலாஸ்காக் கரையோரத்தில் 'எக்ஸோன் வல்டீஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிற்று. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கலன் மசகெண்ணெய் கடலிற் கலந்தது. 2,50,000 கடற்பறவைகளும் 2,800 கடல் நீர்நாய்களும் மாண்டிருக்கலாமென மதிப்பிடப்பட்டது. மீனவர் இழந்த வருவாயைச் சந்தை விலை கொண்டு கணிக்கலாம். மாண்ட நீர்நாய்க்கு எவ்விலையைக் குறிப்பது? அக்கடலை என்றுமே கண்டிராத தொலைநகர மாந்தருக்கும் அஃது ஓர் இழப்பா?

இவ்வினாவை ஆராயுமாறு அலாஸ்கா மாநில அரசு ரிச்சர்ட் கார்சன் முதலிய அறிஞர்களை அமர்த்தியது. அவர்கள் அமெரிக்க நாட்டில் 1,043 பேரை நேரிற் கண்டு உசாவினர். இத்தகைய விபத்து மீண்டும் நேராவண்ணம் எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவற்கப்பல்கள் துணைசெல்ல ஒழுங்கு செய்யப்படுமாயின், அதற்கென ஒருமுறை மட்டும் குறித்ததொரு வரியைச் செலுத்த இசைவரோ என்பதே கேள்வி. பாதிக் குடும்பங்களாவது 31 டொலர் தர இசையுமென விடைகள் காட்டின. அதனை நாட்டின் குடும்பத் தொகையாற் பெருக்கியபோது இழப்பு 280 கோடி டொலராயிற்று. இவ்வறிக்கை 1992இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1991இல், அரசுகளின் உரிமை வழக்கைத் தீர்க்கக் கப்பல் நிறுவனம் 90 கோடி டொலர் செலுத்த இணங்கியிருந்தது. மதிப்பீட்டின் மூன்றிலொரு பங்குக்கும் அது குறைவாகும்.

வாயாற் சொல்வது வேறு, கையாற் கொடுப்பது வேறு எனச் சிலர் மறுத்தனர். மறுப்பு வலியதே. எனவே, நோபல் பரிசு பெற்ற கெனத் அறோ, றொபேட் சோலோ ஆகியோரின் தலைமையில் அரசு ஒரு குழுவை நியமித்தது. உசாவுதல் நேர்முகமாக நடைபெறல் வேண்டும். விடை, வாக்களிப்பிற்போல, ஆம் அல்லது இல்லை என்றிருத்தல் வேண்டும். தரும் பணத்தால் வேறு செலவுகள் குறையுமென்பதை நினைவூட்டல் வேண்டும். இத்தகைய விதிகளைக் காப்பின், அம்மதிப்பீடு நீதிமன்ற விசாரணைக்கு ஏற்ற தொடக்கமாகுமென 1993இல் அக்குழு கூறிற்று.

இயற்கைக்கு விலை குறிப்பது அதனை விற்பதற்கன்று. அழித்தவன் இழப்பைக் கணக்கிடும்போது, அழிந்தது ஒன்றுமில்லையெனக் கூறவியலாதவாறு தடுப்பதற்கேயாம்.