வேலி மட்டும் போதுமா?

தாராவிக்கும் மித்தி ஆற்றுக்கும் இடையே சுமார் 37 ஏக்கரில் அமைந்துள்ளது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. குப்பைமேடாக இருந்த நிலம் அது. மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு, 1994-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடு. கோடரியும் கட்டடமும் விலகி நின்றால் மரமும் புதரும் பெருகும். பறவைகள் புதிய விதைகளைக் கொணரும்.

ஆயின், பாதுகாப்பு என்னும் தகுதி மட்டும் போதுமா? 1940-இலேயே சரணாலயமான முதுமலையைக் காண்போம். அங்கு வெட்டுதல் குறைந்தும், அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்ட உண்ணிச்செடி எல்லை கடந்து பரவியது. அதன் அடர்ந்த நிழலில் புல் மறைகிறது, மரக்கன்றுகள் எழுவதில்லை. கோடையில் அதுவே தீக்கு இரையாகிறது. புல்லும் மரமும் கலந்த வெளிகளில் தீ அடிக்கடி பரவினால் இளங்கன்றுகள் மடியும். தீயும் மேய்ச்சலும் அறவே இல்லையெனில் புதர் மண்டிப் புல்வெளி சுருங்கும். அளவறிந்து பேணுதலே பன்மையைக் காக்கும்.

தொடங்கியபின் கவனியாது விட்ட கணக்கு செயலற்றதாகிவிடுவதை நாம் அறிவோம். காடும் அவ்வாறே. மாட்டுங்கா, செம்பூர் வாழ் வாடிக்கையாளர்கள் ஒரு காலைப்பொழுதில் குழந்தைகளுடன் இப்பூங்காவைக் கண்டுவர வேண்டுகிறோம்.