ஸ்பெயினில் உயர்கல்வி: ஆங்கிலம் வகுப்பறை வாசலோடு நின்றுவிடும்

ஐரோப்பாவில் மேற்படிப்பு என்ற பேச்சு வந்தால் இப்போது ஸ்பெயினின் பெயரும் அடிபடுகிறது. "கற்கைநெறி முழுக்க ஆங்கில மூலம், மொழிப் பிரச்சினையே இல்லை" என்று முகவர்கள் சொல்வதைக் கேட்டுப் பெற்றோரும் நிம்மதியடைகிறார்கள். விரிவுரை மண்டபத்தைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். மண்டபத்துக்கு வெளியே நகரசபை, பொலிஸ், வங்கி, மருந்தகம், வீட்டு உரிமையாளர் என்று எல்லாமே ஸ்பானிய மொழியில்தான். ஆங்கிலம் தெரிந்த அலுவலர் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

போய் இறங்கிய முதல் மாதத்திலேயே இது தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் வீஸாவில் செல்பவர், நாட்டுக்குள் நுழைந்து ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இணையத்தில் முன்கூட்டியே நேரம் பெறவேண்டும். மட்ரிட், பார்சிலோனா போன்ற நகரங்களில் அந்த நேரம் கிடைப்பதே பெரும்பாடு. வசிக்கும் முகவரியை நகரசபையில் பதியவும் வேண்டும்; 'எம்பத்ரோனமியெந்தோ' என்பது அதன் பெயர். அறையை வாடகைக்கு விடும் சிலர் இந்தப் பதிவுக்குச் சம்மதிப்பதில்லை. ஆகவே முற்பணம் கொடுக்க முன்னர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாதவர் இதைக் கேட்காமலே கையெழுத்திட்டுவிடுகிறார்.

கற்கைநெறியே ஸ்பானிய மொழியில் என்றால் இழப்பு பணமாகவே வரும். அங்கே புள்ளிகள் 10க்கு வழங்கப்படுகின்றன. 5 எடுத்தால் சித்தி. அரச பல்கலைக்கழகங்களில் சித்தியடையாத பாடத்தை மறுபடி பதியும்போது கட்டணம் கூடும், மூன்றாம் முறை இன்னும் கூடும். பார்சிலோனாவைத் தெரிவு செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அங்கே பல விரிவுரைகள் கற்றலான் மொழியில் நடக்கின்றன. எந்தப் பாடம் எந்த மொழியில் என்பதைப் பதியும் முன்னரே பாட விபரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மொழி வகுப்புக்கு வருவோம். தீவிர வகுப்பு என்றால் வழக்கமாக வாரம் 20 மணித்தியாலம். அரசாங்கம் நடத்தும் மொழிப் பாடசாலைகள் மலிவானவை, ஆனால் அனுமதி குறித்த காலத்தில் மட்டுமே. முதல் நாளிலிருந்தே ஆசிரியர் ஸ்பானிய மொழியில்தான் பேசுவார். பிழையாகவேனும் பேசு என்பதே அவர்களது முறை. குறிப்பெடுத்துப் பாடமாக்கிப் பழகிய எமது பிள்ளைகள் இங்கே வாயடைத்துப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிரேசில் மாணவரோ போர்த்துக்கேயத்தின் துணையோடு இரண்டாம் வாரமே சரளமாகக் கதைப்பார். அதைப் பார்த்து மனம் தளரவேண்டியதில்லை. எம்மிடமும் துணை இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

நாம் எந்த ஐரோப்பிய மொழியையும் ஆங்கிலத்தின் வழியாகவே அணுகுகிறோம். ஸ்பானிய மொழிக்குத் தமிழ்தான் நல்ல வாசல். ஆங்கிலத்தில் 'நான்' என்ற சொல் இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் 'பேசுகிறேன்', 'பேசுகிறோம்' என்றாலே யாரென்று விளங்கும். ஸ்பானியத்திலும் 'ஆப்லோ', 'ஆப்லாமோஸ்' என்று சொல்லின் முடிவே ஆளைக் காட்டிவிடும். 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்பது 'மே குஸ்தா எல் தே'. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மே துவேலே லா கபேதா'. ஆங்கிலத்தில் யோசிக்கும் மாணவர் இந்த 'எனக்கு'வில் மாதக்கணக்கில் தடுமாறுவார். தமிழில் யோசிப்பவர் ஒரே நாளில் தாண்டிவிடுவார். ஆங்கிலச் சாயலை நம்பினால் ஏமாற்றமும் உண்டு. மருந்தகத்தில் 'கொன்ஸ்திபாதோ' என்று சொன்னால் ஸ்பெயினில் தடிமன் மருந்து கொடுப்பார்கள், மலச்சிக்கலுக்கு அல்ல.

தமிழ் உதவாத இடமும் இருக்கிறது. 'இருக்கிறேன்' என்பதற்கு அங்கே இரண்டு வினைகள். 'எஸ்தோய் அபுரீதோ' என்றால் எனக்கு இப்போது சலிப்பாக இருக்கிறது. 'சோய் அபுரீதோ' என்றால் நானே சலிப்பூட்டும் ஆள். இது பழகித்தான் வரும்.

உச்சரிப்பில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மத்திய, வட ஸ்பெயினில் ஸட் எழுத்து அரபியின் 'ஸா' போல, நாக்கு நுனி பல்லில் பட ஒலிக்கும். ஜே எழுத்து 'ஃகா'வுக்கு மிக அண்மையானது. இரண்டு உயிரெழுத்துக்களுக்கு நடுவில் வரும் டி 'தால்' போல மென்மையாகும். ஐரோப்பிய மாணவர் பலர் திணறும் ஒலிகள் இவை. சொற்களிலும் அப்படித்தான். எண்ணெய்க்கு 'அதேய்தே', சீனிக்கு 'அதூகார்', பருத்திக்கு 'அல்கோதோன்', வகுப்பில் தரும் வேலைக்கு 'தாரேயா', ஆசையைச் சொல்ல 'ஓஹாலா'. எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. அந்தலூசியாவை நினைத்துப் பெருமூச்சு விடுவது எமக்குப் பழக்கம். அந்த நேரத்தில் இப்படிப் பத்துச் சொற்களைப் பாடமாக்கினால் கடைக்காவது போய்வரலாம்.

பழக்கவழக்கங்களில் முதலில் திகைக்க வைப்பது பேராசிரியரை அழைக்கும் விதம். 'சேர்' எல்லாம் அங்கில்லை. பெயர் சொல்லி, 'தூ' அதாவது 'நீ' என்றே பெரும்பாலும் பேசுகிறார்கள். 'நீங்கள்' என்பதற்குரிய 'உஸ்தெத்' வயதானவர்களுக்கும் அலுவலகங்களுக்கும். பகலுணவு இரண்டு மணிக்குப் பின், இரவுணவு ஒன்பதுக்குப் பின். வகுப்பு அட்டவணையும் அதற்கேற்பவே போடப்படுகிறது.

உணவில் ஹலால் இறைச்சிக் கடைகள் மட்ரிட்டின் லவாபியேஸ், பார்சிலோனாவின் ரவால் போன்ற பகுதிகளில் தாராளம். கவனிக்கவேண்டியது இனிப்புப் பண்டங்களைத்தான். 'மந்தேகா தே தேர்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. பல பாரம்பரிய இனிப்புகளில் அது சேர்கிறது. பொதியில் இந்தச் சொற்களைத் தேடி வாசிக்கப் பழகவேண்டும்.

ஜும்ஆ பற்றிப் பலருக்குக் கவலை. ஸ்பெயின் அரசும் இஸ்லாமிய ஆணைக்குழுவும் செய்த உடன்பாடு 1992ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அரச மற்றும் அரச உதவிபெறும் கல்வி நிறுவனங்களில் முஸ்லிம் மாணவர்கள் கேட்டுக்கொண்டால் வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை வகுப்பிலிருந்தும் பரீட்சையிலிருந்தும் விலக்குப் பெறலாம்; இரு பெருநாட்களுக்கும் அப்படியே. தனியார் மொழிப் பாடசாலைகள் இதற்குள் அடங்காது, அங்கே பேசித்தான் பார்க்கவேண்டும். விலக்குத் தானாக வராது, கேட்டால்தான். கோரிக்கையைத் தவணை தொடங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பரீட்சை அட்டவணை வெளியான பிறகு கேட்பதைவிட அது இலகு.