பூட்டும் உப்புக் காற்றும்

தூத்துக்குடி, முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கு வீசும் கடற்காற்று, உப்பின் நுண்துகள்களைச் சுமந்து வந்து வீட்டுப் பூட்டுகளினுள்ளும் படியச் செய்கிறது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் பூட்டினுள் இருக்கும் இரும்பு உறுப்புகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் இதற்கு விலக்கன்று.

திறவுகோல் திரும்பாதபோது சினந்து திருகலாகாது. அது உள்ளேயே முறிந்து, நம்மை வாயிலில் நிறுத்திவிடும். சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தால் துரு இளகும். அப்போது அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. பூட்டு நன்கு உலர்ந்தபின், பென்சில் கரியைப் பொடித்துத் திறவுகோலில் தடவிச் செலுத்துதல் நலம். தேங்காயெண்ணெய் இடுதல் தவறு. அது நாளடைவில் பிசுக்காகித் தூசியைத் திரட்டும். நம் உடைமையைக் காக்கும் பூட்டினை நாமும் காத்தல் வேண்டும்.