வட்டின் வேகத்தை அளப்பதில் உள்ள மயக்கங்கள்

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய இடம் படிமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். படிமுனை நகரும் நேரம் தனி. ஆகவே, சிதறிக் கிடக்கும் தரவுகளை வினாடிக்கு நூறு முறை என்னும் அளவில்தான் அதனால் எடுத்துத் தர இயலும். சுழற்சியே இல்லாத திண்மநிலை வட்டோ பல்லாயிரம் முறை தரும். ஆனால் விலை மிகுதி. இவ்விரண்டையும் இணைத்து, பெரிய வன்தட்டின் முன்னே சிறிய திண்மநிலை வட்டை நிறுத்துவதே பதுக்ககம். பதுக்கல் என்றால் அரிசி மூட்டைகள் நினைவுக்கு வருவதால் இக்கலைச்சொல்லைச் சிலர் விரும்புவதில்லை. அஞ்சறைப் பெட்டியை எண்ணிக்கொண்டால் பொருள் தெளிவாகும்: அடிக்கடி வேண்டுவன அடுப்பருகே இருக்கும், மற்றவை உள்ளறையில் இருக்கும். லினக்ஸ் கருநிரலில் இவ்வசதி 2013இல் வெளிவந்த 3.9ஆம் பதிப்பில் சேர்ந்தது.

அதற்கு முன்பே, 2012இல் வந்த 3.2ஆம் பதிப்பில், மெல்லிய ஒதுக்கீடு இடம்பெற்றிருந்தது. பல வட்டுகளின் இடத்தை ஒரே களஞ்சியமாகத் திரட்டி, வேண்டிய அளவில் பிரித்துக்கொள்வது தருக்கத் தொகுதி முறை. அதில் மெல்லிய தொகுதி என்பது பந்திக்கு அழைப்பது போன்றது. இலை முந்நூறே இருக்க, ஐந்நூறு பேரை அழைக்கிறோம். எல்லாரும் ஒரே வேளையில் வரமாட்டார்கள் என்பது கணக்கு. தொகுதிக்கு அளவு சொல்லப்படும்; ஆனால் எழுதும்போதுதான் உண்மையான இடம் ஒதுக்கப்படும்.

இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்துச் சோதிக்கும்போதுதான் எண்கள் நம்மை ஏய்க்கத் தொடங்குகின்றன. புதிதாகப் படைத்த மெல்லிய தொகுதியிலிருந்து உடனே படித்துப் பார்த்தால் வியப்பூட்டும் வேகம் கிட்டும். காரணம் எளிது: ஒருமுறையும் எழுதப்படாத பகுதியைக் கேட்டால், கருநிரல் வட்டைத் தொடாமலேயே சுழியங்களைத் திருப்பித் தருகிறது. அங்கே நாம் அளந்தது வட்டை அன்று, வெறுமையை. எனவே முதலில் தொகுதி முழுவதும் எழுதி நிரப்புதல் வேண்டும். அம்முதல் எழுத்தையும் கணக்கில் கொள்ளலாகாது. இடம் ஒதுக்கும் வேலையும் அதனுடன் சேர்ந்து நடப்பதால் அது மெதுவாகவே இருக்கும்.

அடுத்த மயக்கம் கணினியின் நினைவகம். ஒரு கோப்பை இரண்டாம் முறை படித்தால் அது பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே வந்துவிடும். அதைப் பதுக்ககத்தின் வெற்றி எனக் கருதுவோர் பலர். ஃபியோ போன்ற சோதனைக் கருவிகளில், நினைவகத்தைத் தவிர்த்து நேரே வட்டுக்குச் செல்லும் தெரிவு உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும். இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. பதுக்ககம் எல்லாவற்றையும் உடனே எடுத்து வைத்துக்கொள்வதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவனவற்றையே உயர்த்துகிறது. முதற்சுற்றோடு நிறுத்தியவர் அது பயனற்றது என்று முடிவு கட்டிவிடுவார். ஒரே சோதனையைப் பலமுறை நடத்தி, பதுக்ககத்தில் கிட்டியவை எத்தனை, தவறியவை எத்தனை என்று எல்விஎஸ் கட்டளை காட்டும் எண்ணிக்கையையும் ஒப்பிடுவதே முறை.

எழுதும் வேகத்திற்கு வருவோம். இயல்பான அமைப்பில் தரவு வன்தட்டையும் அடைந்த பின்னரே எழுதி முடிந்ததாகக் கொள்ளப்படும். ஆகையால் எழுதுதல் விரைவாகாது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் மற்றோர் அமைப்பில் வேகம் பாயும். ஆனால் திண்மநிலை வட்டு பழுதானால், வன்தட்டை இன்னும் சேராத தரவு மீளாது. மாணவர் கட்டுரைகளும் மதிப்பெண்களும் தங்கும் பள்ளிச் சேவையகத்திற்கு, சோதனையில் தோற்கும் முதல் அமைப்பையே நாம் பரிந்துரைப்போம்.

களஞ்சியம் நிரம்பும் நிலையையும் சிறியதொரு தொகுதியில் வேண்டுமென்றே நிகழ்த்திப் பார்க்க வேண்டும். தானே விரிவடையும் ஏற்பாடு இயல்பாக முடக்கப்பட்டே இருக்கும். இடம் தீர்ந்தால், புதிய இடம் கேட்கும் எழுத்துகள் 60 வினாடி காத்திருந்து, பிறகு பிழையாகத் திரும்பும். அப்போதும் கோப்பு முறைமை இடம் மிச்சமிருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். கோப்புகளை அழிப்பது மட்டும் போதாது. எஃப்எஸ்டிரிம் கட்டளையால் விடுவித்த பின்னரே அவ்விடம் களஞ்சியத்திற்குத் திரும்பும்.