ரிப்போட் வந்த பிறகு தாயிடம் கேட்க வேண்டியது

விசேட கல்வி அலகொன்றில் படிப்பிக்கிற இளம் ஆசிரியை ஒருவர் வந்து கேட்டார்: "அக்கா, பிள்ளையளின்ரை கணிப்பீடு முடிஞ்ச பிறகு தாய் தகப்பனிட்டைக் கருத்துக் கேக்க வேணுமாம். ஒரு படிவம் அடிச்சுத் தாங்கோவன்." அடித்துக் கொடுக்கலாம், பெரிய வேலையில்லை. ஆனால் அந்தப் படிவத்தின் எல்லாப் பிரதிகளிலும் 'மிக நன்று' என்பதற்கு நேரே புள்ளடி விழும், பிறகு அவை கோப்புக்குள் போய்விடும். "படிவம் கிடக்கட்டும் பிள்ளை, தேத்தண்ணியைக் குடி, முதலிலை கொஞ்சம் கதைப்பம்" என்றேன். அன்று கதைத்ததைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் பல தாய்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

கணிப்பீடு என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் இங்கே அது ஒரே நாளில் ஒரே அறையில் முடிவதில்லை. பிள்ளை பிறந்ததும் தரப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நிறை பார்க்கிறார், நடக்கிறதா, கதைக்கிறதா என்று கேட்கிறார். பிறகு முதலாம் தரத்தில் சேர்ந்ததும், முதல் சில வாரங்களில் விளையாட்டுகளினூடாகப் பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடு நடக்கிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் உண்டு. அங்கே யாராவது ஏதாவது கவனித்தால் மாவட்ட வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதுவார்கள். அங்கிருந்து சிலவேளை கொழும்புக்கோ ராகமைக்கோ போக வேண்டி வரும். இரவு ரெயிலில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு போய், தூக்கம் கலைந்து அழுகிற பிள்ளையைக் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இருத்துகிறார்கள். அவர் அரை மணித்தியாலத்தில் பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறார். அந்த ரிப்போட்டைக் கொண்டுவந்து தாய் ஆசிரியையிடம் நீட்டுகிறாள்: "மிஸ், இதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

ஆகவே பெற்றோரிடம் எதைக் கேட்கப்போகிறோம் என்று முதலில் தெளிவாக வேண்டும். பிள்ளையைப் பற்றித் தாய்க்குத் தெரிந்தது ஒன்று. அது கணிப்பீட்டுக்கே தேவைப்படுகிற தகவல், அதைக் கணிப்பீட்டுக்கு முன்னும் அதன்போதும் கேட்க வேண்டும். வந்த முடிவைத் தாய் ஏற்கிறாளா, எந்த வரி பிழை என்று நினைக்கிறாள் என்பது இன்னொன்று. நடந்த விதம் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தாள், என்ன விளங்கியது, யார் எப்படிக் கதைத்தார்கள் என்பது மூன்றாவது. வழக்கமான படிவங்கள் மூன்றாவதை மட்டும், அதையும் மேலோட்டமாக, கேட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. பிள்ளைக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது. அதைக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குகிறோம்.

ஏன் பயன்படும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் உம்மா, வாப்பா என்று கேட்டு வளர்கிறது. கணிப்பீடு செய்பவர் வேறு ஊர்க்காரர், அல்லது சிங்களத்தில் கேட்க மற்றொருவர் தமிழ்ப்படுத்துகிறார். "அம்மா எங்கே, காட்டு பாப்பம்" என்கிறார். பிள்ளை பேசாமல் இருக்கிறது. தாளில் 'எளிய அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை' என்று விழுகிறது. உம்மா பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறாள். "உம்மா எங்கேயெண்டு கேளுங்கோ, காட்டுவான்" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எதிரே இருப்பவர் டொக்டர். பின்னால் யாராவது அவளை இருத்தி, அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்கும். ஒரு வரி திருத்தப்பட்டிருக்கும், பிள்ளை வேறொரு வகுப்பில் இருந்திருக்கலாம்.

கேட்கிற விதத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடம் ஓட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடி, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் உருவான, தாய் தகப்பன் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்கிற எம்-சாட் என்ற வினாத்தாளை அதில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான்கில் ஒன்றைத்தான் அந்தத் தாள் பிடித்தது. தாய்மார் பொய் சொல்லவில்லை. 'கண்ணோடு கண் பார்ப்பானா' என்று தாளில் கேட்டால், எந்தத் தாயும் தன் பிள்ளை தன்னைப் பார்ப்பதை நினைத்து ஆம் என்றுதான் சொல்வாள். அதன் பிறகு பெரேராவும் வேறு சகாக்களும் வழியை மாற்றினார்கள். பிள்ளைகள் நடந்துகொள்கிற விதங்களைப் படங்களாகக் காட்டித் தாயிடம் கேட்கும் முறையொன்றை உருவாக்கினார்கள். அது முந்தியதைவிட மிக நன்றாக வேலை செய்தது. இதை வாசித்த நாள் முதல், 'பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது' என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை. தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததை எடுக்கிற விதமாக நாங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி அந்த 'மிக நன்று' புள்ளடிக்கு வருவோம். ஒரு தாய் ஏன் எல்லாவற்றுக்கும் நல்லம் என்கிறாள்? மரியாதை ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்: குறை சொன்னால் அடுத்த கிளினிக்கில் பிள்ளையைப் பார்ப்பார்களோ, அலகில் இடம் போய்விடுமோ என்ற பயம். இவை எங்கும் உள்ளவை. இந்த மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்றும் இருக்கிறது. இன்று பிள்ளை வைத்திருக்கிற பெற்றோரில் பலர் 2004 கடல்கோளையும், 2006இல் மூதூர், சம்பூர் இடப்பெயர்வையும் சிறுவர்களாகவோ இளவயதிலோ கண்டவர்கள். முகாமில், கொட்டிலில், மரநிழலில் எத்தனையோ பேர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். கேட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. படிவத்தைக் கண்டதும் கேட்டதற்கு ஓம் என்று சொல்லி அனுப்பிவிடுவது அவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டது. அந்த நம்பிக்கையீனத்தை மதித்துத்தான் நாம் தொடங்க வேண்டும்.

அதனால் கணிப்பீடு செய்தவரே கருத்துக் கேட்கக் கூடாது. வகுப்பாசிரியையும் முடிந்தவரை வேண்டாம். இதே வழியால் முன்பு போய்வந்த இன்னொரு தாய் கேட்கட்டும், அல்லது சமூகமட்டப் புனர்வாழ்வுத் தொண்டர் ஒருவர் கேட்கட்டும். வாய்மொழியாகக் கேட்டு, சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். பெயர் வேண்டாம், ஓர் இலக்கம் போதும். சின்ன ஊர், கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

'திருப்தியா' என்ற கேள்வியை முழுதாக விட்டுவிடுங்கள். நடந்ததைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டீங்கள், எப்ப கூப்பிட்டவை? அண்டைக்குப் பிள்ளை சாப்பிட்டிருந்ததோ, நித்திரை கொண்டதோ? வீட்டிலை செய்யிற எதை அங்கை செய்யேல்லை? ரிப்போட்டிலை எழுதினதிலை எது உங்கடை பிள்ளை மாதிரி இல்லை? இவற்றோடு நான் மிகவும் நம்புகிற ஒரு கேள்வி: வீட்டை வந்து மாமியிட்டை என்ன சொன்னீங்கள்? அந்தப் பதிலில் எல்லாம் வந்துவிடும். 'காதிலை ஏதோ குறையாம், வளர வளரச் சரியாகுமாம்' என்று தாய் சொன்னாள், ரிப்போட்டில் கேட்டல் கருவி உடனே வேண்டும் என்று இருக்கிறது என்றால், அந்தக் கணிப்பீடு எவ்வளவு திறமாக நடந்திருந்தாலும் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை.

இப்படிக் கேட்பதைக் கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1990களில் ஒழுங்கான கருவியாகவே செய்தார்கள். எம்பொக் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் 56 கேள்விகள், பிறகு 20ஆகச் சுருக்கினார்கள். 'எங்கள் சேவை எப்படி' என்று அது கேட்பதில்லை. பிள்ளையைப் பார்க்கிறவர்கள் இன்னின்னதை எந்தளவுக்குச் செய்தார்கள் என்று ஒன்றிலிருந்து ஏழு வரை புள்ளி போடச் சொல்கிறது. பல நாடுகளில் அதைப் பயன்படுத்தியபோது திரும்பத் திரும்ப ஒரே போக்குத் தெரிந்தது: மரியாதையாக நடத்தினார்கள் என்பதற்கு நல்ல புள்ளி, தகவல் தந்தார்கள் என்பதற்குக் குறைந்த புள்ளி. நம் ஊரிலும் அப்படித்தான் வரும் என்பது என் எண்ணம். டொக்டர் நல்லவர், மிஸ் தங்கமானவ, ஆனால் அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எப்போது கேட்பது? கணிப்பீட்டு அறை வாசலில் வேண்டவே வேண்டாம். அந்த நேரம் தாய்க்கு அழுகை வரும், அல்லது பஸ் போய்விடும். இரண்டு மூன்று கிழமை கழித்து ஒருமுறை கேளுங்கள், அடுத்த தவணையில் இன்னொருமுறை கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இராது, இரண்டாவது பதில்தான் பெரும்பாலும் திறந்து பேசுகிற பதில்.

தகப்பனை எப்படிப் பிடிப்பது என்றும் அந்த ஆசிரியை கேட்டார். கூட்டத்துக்குத் தகப்பன்மார் வருவதில்லை என்கிறோம். கூட்டம் வைத்த நாளைப் பார்த்தோமா? கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கிற சோளகக் காலத்தில் இரவெல்லாம் தொழில், விடிய வந்து படுக்கிறவனைப் பத்து மணிக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். வாடைக் காலத்தில் கடல் எழும்பியிருக்கும்போது வீட்டில்தான் இருப்பான், அப்போது கூப்பிடுங்கள். கந்தளாயிலும் கிண்ணியாவிலும் பெரும்போக அறுவடையில் கைவைக்காதீர்கள். முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலைக்குப் போயிருந்தால் உம்மம்மாவோ அம்மம்மாவோதான் பிள்ளையை வளர்க்கிறார், அவருடைய கருத்தைப் 'பெற்றோர் இல்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. தாயும் வாட்ஸ்அப்பில் குரற்பதிவாகச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளையின் பேச்சைத் தினமும் போனில் கேட்கிறவள், வீட்டிலுள்ளவர்கள் கவனிக்காத மாற்றத்தைச் சிலவேளை கவனித்திருப்பாள்.

லண்டனில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அங்கே இது சட்டம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். இங்கிலாந்தில் 2009இல் பிரையன் லாம் என்பவர் தலைமையில் நடந்த விசாரணை, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அமைப்பின் மேல் ஏன் நம்பிக்கை இல்லை என்பதையே ஆராய்ந்தது. 2014இன் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டப்படி, பிள்ளைக்கென்று எழுதப்படுகிற திட்டத்தில் குடும்பத்தின் விருப்பமும் எதிர்பார்ப்பும் முதற் பகுதியிலேயே இடம்பெற வேண்டும். வரைவைக் காட்டிக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், முழு வேலையும் 20 கிழமைக்குள் முடிய வேண்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் நியாயசபைக்குப் போகலாம். அங்கும் காலம் தவறுகிறது, பெற்றோர் சண்டைபிடிக்கிறார்கள். ஆனாலும் சண்டைபிடிக்க ஓர் இடம் இருக்கிறது. இங்கே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் காரணமாகப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. எழுத்தில் உள்ள இந்த உரிமை ஒரு தாய்க்குக் கைக்கு எட்ட வேண்டுமென்றால், ரிப்போட்டின் வரைவைக் காட்டி "இது சரியோ அம்மா?" என்று கேட்கிற பழக்கத்தைச் சட்டத்துக்குக் காத்திராமல் ஒவ்வொரு அலகும் தொடங்கலாம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, காசும் தேவையில்லை.

பதில்களை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் விழுந்துவிடுகின்றன. தாயின் திருத்தம் தனிநபர் கல்வித் திட்டத்தில், அவளுடைய சொல்லிலேயே, திகதியோடு ஏற வேண்டும். பலர் சொன்ன ஒரே குறை வலயக் கல்வி அலுவலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ கடிதமாகப் போக வேண்டும். பிறகு கருத்துச் சொன்ன பெற்றோரிடம் திரும்பிப் போய், இதை மாற்றினோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது என்று சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று மாறினாலும் போதும். தூரத்திலிருந்து வருகிறவர்களை முதலில் கூப்பிடுகிறோம் என்று சொன்னால், குச்சவெளியிலிருந்து வருகிற தாய் அடுத்தமுறை கேட்கும்போது வாய் திறப்பாள்.

யாருமே கேட்காவிட்டால்? தாய்மாரே, இது உங்களுக்கு. ரிப்போட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், மூலத்தை ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நம்பிக்கையான ஒருவரை வைத்து வரிவரியாகத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். பிழை என்று பட்டதை வேறொரு தாளில், 'வீட்டில் இப்படிச் செய்கிறான்' என்று உதாரணத்தோடு எழுதித் திகதி போட்டு, அதிபரிடம் ஒன்று கொடுத்து, மற்றப் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் பிள்ளை செய்வதைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லம். அரச நிறுவனம் பிரதி தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் கேட்கலாம், அதை அவரே எழுதிக்கொள்ள வேண்டும்.